எந்தக் காலால் உதைப்பான்?

1985 மார்ச்சில் ரவி சாஸ்திரி ஆடி கார் ஜெயித்தாரே, அந்த மெல்பர்ன் மைதானம் ஞாபகமிருக்கிறதா? நம் பையன்கள் அத்தனை பேரும் காரின் மேலே தொற்றிக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள். 2022 அக்டோபரில் ஹாரிஸ் ரவூஃப் பந்தில் விராட் கோலி அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர் அடித்ததும் அங்கேதான். நமக்கு அது கிரிக்கெட் மைதானம். மெல்பர்ன்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் லேசாகச் சிரிப்பார். கிரிக்கெட் வெயில் காலத்துக்கு. குளிர் காலம் வந்துவிட்டால் அது வேறொரு தெய்வத்தின் கோயில். 1970-ல் அந்தத் தெய்வத்தின் இறுதிப் போட்டியைப் பார்க்க வந்தவர்கள் 1,21,696 பேர்.

அந்த ஆட்டத்தின் பெயர் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். செல்லமாக 'ஃபுட்டி'.

முதல் தடவையாக டி.வி.யில் பார்க்கிறவருக்கு இது விளையாட்டா, கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கிற கலாட்டாவா என்று சந்தேகம் வரும். பக்கத்துக்கு 18 பேர், ஆக 36 பேர். கையில்லாத பனியன். தேங்காய் மாதிரி நீள்வட்டப் பந்து. மைதானமும் நீள்வட்டம், நீளம் 135-லிருந்து 185 மீட்டர் வரை இருக்கலாம். இரண்டு கோடியிலும் நாலு நாலு கம்பம் நட்டிருப்பார்கள். நடுவில் இருக்கிற இரண்டுக்கு நடுவே உதைத்தால் ஆறு பாயின்ட். கொஞ்சம் தள்ளிப் போய் ஓரக் கம்பத்துக்குள் விழுந்தால் ஒரு பாயின்ட். நாலுக்கு மூணு கம்பத்துக்குள் ஏதாவது ஒன்றில் போட்டால் ஏதோ உண்டு! தோற்றவனுக்கும் ஆறுதல் தருகிற இந்த மாதிரி தாராள மனசு வேறெந்த ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

இந்த ஆட்டத்தை ஆரம்பித்து வைத்ததில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. குளிர் காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் சும்மா உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, ஏதாவது ஃபுட்பால் கிளப் ஆரம்பியுங்கள் என்று 1858-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மறு வருஷம் மே மாதமே விதிகளை எழுதிவிட்டார்கள். வாசகர் கடிதத்துக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் உதாரணம் காட்டுவது வழக்கம்.

தூக்கம் வராத ராத்திரிகளில் இந்த ஆட்டத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தியது. சில ஆட்டக்காரர்கள் வலது காலால் உதைக்கிறார்கள். சிலர் இடது. அபூர்வமாகச் சில பேர் மட்டும் எந்தக் காலால் உதைக்கப் போகிறார்கள் என்று கடைசி வரை தெரிவதில்லை. அவர்களைத் துரத்துகிற ஆசாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வட்டிக்குக் கொடுத்தவன் வாசலில் காத்திருக்க, கொல்லைப்புறமாகக் கிளம்பிப் போன கதைதான்.

அந்த அபூர்வப் பேர்வழிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இங்கே இரண்டு காலும் ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிய, இரண்டே விதிகள் தெரிந்தால் போதும். முதலாவது, இதில் ஆஃப்சைடு கிடையாது. எதிரி முன்னால்தான் நிற்பான் என்று சொல்ல முடியாது. பக்கத்திலிருந்து வருவான், முதுகுக்குப் பின்னாலிருந்து வருவான். மைதானம் முழுக்க அவன் வீடு. இரண்டாவது, பந்து கையில் இருக்கும்போது அதை அனுப்ப வாய்ப்பிருந்தும் அனுப்பாமல், எதிரி வந்து கட்டிப் பிடித்துவிட்டால் தீர்ந்தது. விசில் ஊதிப் பந்தை அவனிடமே கொடுத்துவிடுவார்கள். எறியவும் கூடாது. உதைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் குத்த வேண்டும்.

இப்போது கற்பனை செய்யுங்கள். நீங்கள் வலது கால்காரர். பந்து கையில். வலது பக்கத்திலிருந்து ஒருவன் பாய்ந்து வருகிறான். வலது காலால் உதைத்தால் நேரே அவன் மேல்தான் படும். என்ன செய்வீர்கள்? உடம்பை முழுக்க இடது பக்கம் வளைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, இடம் கண்டுபிடித்து, பிறகு உதைப்பீர்கள். இந்தச் சுற்றலுக்கு அரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டரைப் பன்னிரண்டு விநாடியில் ஓடுகிற ஒருவன் அந்த அரை விநாடியில் நாலு மீட்டர் வந்துவிடுவான். நாலு மீட்டர் என்பது நம் வீட்டுக் கூடம். கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தவன் இப்போது உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். விசில்!

எதிர் அணிக் கோச் இதைத்தான் தன் ஆட்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பார்: "அவனை ராங் சைடுல தள்ளுப்பா, மிச்சத்தை அவனே பாத்துப்பான்." ஒற்றைக் கால்காரனுக்கு ஒரு ராங் சைடு எப்போதும் உண்டு. இரண்டு கால்காரனுக்கு அது கிடையாது. இப்படிச் சாய்ந்தால் வலது, அப்படிச் சாய்ந்தால் இடது. சுற்ற வேண்டாம். அந்த அரை விநாடி அவன் பாக்கெட்டில்.

'அப்படியென்றால் எல்லோரும் இரண்டு காலையும் பழகிக்கொள்ள வேண்டியதுதானே?' என்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் வலிக்கும்.

சாதாரணக் கால்பந்தில் பந்து தரையில் கிடக்கிறது. போய் உதைக்க வேண்டியதுதான் பாக்கி. இங்கே பந்து கையில் இருக்கிறது. கையிலிருந்து அதைக் காலுக்கு இறக்க வேண்டும். வலது காலால் உதைக்க வலது கை பந்தைக் கீழே கொண்டுபோய் விட வேண்டும். அந்த நேரத்தில் மொத்த உடம்பையும் இடது கால் தாங்கும். இடது காலால் உதைக்கும்போது எல்லாமே தலைகீழ்: இடது கை பந்தை இறக்கும், வலது கால் தாங்கும். பந்து வேறு உருண்டை இல்லை. ஒரு விரல்கடை சாய்ந்து விழுந்தாலும் காலில் பட்டு எங்கேயோ பறக்கும். ஆக, இன்னொரு காலைப் பழகுவது என்றால் இன்னொரு கையையும் பழக வேண்டும், இன்னொரு இடுப்பையும் பழக வேண்டும். உடம்பில் பாதியை மறுபடி ஒண்ணாம் கிளாஸில் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி.

சந்தேகமிருந்தால் இன்று ராத்திரி இடது கையால் பல் தேய்த்துப் பாருங்கள். நான் தேய்த்தேன். பேஸ்ட் மூக்கு வரை போனது. வீட்டில், "என்ன, கை சுளுக்கா?" என்றார்கள். நாலு பேர் எதிரில் அசட்டுத்தனமாகத் தெரிவதுதான் இந்த வித்தையின் நுழைவுக் கட்டணம். ஒரு காலில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன், அந்தக் காலைச் சும்மா வைத்துவிட்டு, மற்ற காலால் கோணல்மாணலாக உதைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நிற்க வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள்.

கழன்றுகொள்ளாத ஒருவரின் கதை பாப் ஸ்கில்ட்டன்.

1938-ல் பிறந்தவர். உயரம் 171 சென்டிமீட்டர். நம் ஊர் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கச் சற்றே எம்புகிற உயரம். அந்த ராட்சசர்கள் ஆட்டத்தில் இது சுண்டைக்காய். அவருடைய அப்பாவும் விளையாட்டுக்காரர். மகனுக்கு ஆசை இருக்கிறது, உயரம் இல்லை என்று பார்த்தார். உயரத்துக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. காலுக்குச் செய்யலாம். 'இரண்டு காலாலும் உதைக்கக் கற்றுக்கொள்' என்று விடாப்பிடியாக நின்றார். பையன் மணிக்கணக்காகச் சுவரில் பந்தை உதைத்தான். திரும்பி வருவதைப் பிடித்து, அடுத்த காலால் உதைத்தான். நீள்வட்டப் பந்து சுவரில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று சுவருக்கே தெரியாது. வலது பக்கம் வந்தால் வலது, இடது பக்கம் வந்தால் இடது.

அந்தச் சுவர் என்ன சம்பளம் கொடுத்தது தெரியுமா? 1956-லிருந்து 1971 வரை சவுத் மெல்பர்ன் அணிக்கு 237 ஆட்டங்கள், 412 கோல்கள். பிரவுன்லோ மெடல் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்களே ஓட்டுப் போட்டு, வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்து, ஒழுங்காகவும் பிரமாதமாகவும் ஆடியவருக்குக் கொடுப்பது. ஒரு தடவை கிடைத்தாலே பேரன் பேத்திக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஸ்கில்ட்டன் மூன்று தடவை வாங்கினார்: 1959, 1963, 1968. இரண்டு கண்களும் கறுத்து வீங்கிய அவருடைய புகைப்படம் ஒன்று அங்கே பிரசித்தம். அடி வாங்குவதிலும் மனுஷர் இடது வலது பேதம் பார்க்கவில்லை.

இன்னொருவர் பீட்டர் டெய்கோஸ். காலிங்வுட் அணி. பெற்றோர் மாசிடோனியாவிலிருந்து வந்தவர்கள். இவருடைய வித்தை கோணத்தில். வலது காலை உடம்புக்குக் குறுக்கே வீசி உதைத்தால் பந்து வலமிருந்து இடமாக வளையும். இடது கால் என்றால் அதற்கு நேர் எதிர். அதனால் கோலுக்கு இடது பக்க மூலை வலது கால்காரனுக்குச் சௌகரியம். வலது பக்க மூலை இடது கால்காரனுக்கு. டெய்கோஸுக்கு எந்த மூலையும் ஒன்றுதான். எல்லைக் கோட்டை ஒட்டி, கம்பங்கள் இரண்டும் ஒன்றாகத் தெரிகிற இடத்திலிருந்து, 'போகாது' என்று காவல்காரன் திரும்பி நடக்கிற சமயத்தில் போய்விடும். 1990-ல் மட்டும் 97 கோல். அந்த வருஷம்தான் காலிங்வுட் 32 வருஷக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பையைத் தொட்டது. 2023-ல் அதே அணி கோப்பை வென்றபோது அவருடைய மகன்கள் ஜாஷ், நிக் இருவரும் அணியில் இருந்தார்கள். சொத்து என்றால் நிலம்தானா? காலையும் எழுதி வைக்கலாம் போலிருக்கிறது.

சரி, இது வரைக்கும் ஒரு தரப்பு. நான் பி.காம். படித்தவன், பற்று எழுதாமல் வரவு மட்டும் எழுதினால் கை நடுங்கும். மறு தரப்பையும் பார்த்துவிடலாம்.

மறு தரப்பின் பெயர் லான்ஸ் ஃபிராங்க்ளின். செல்லப் பெயர் 'படி'. கிட்டத்தட்ட ஆறரை அடி உயரம். அதோடு மான் மாதிரி ஓட்டம். இடது கால்காரர், அதுவும் பச்சை இடது கால்காரர். கோலுக்கு நேரே நின்று உதைக்கச் சொன்னாலும் இடது பக்கமாக ஒரு பெரிய வளைவு போட்டு ஓடி வந்துதான் உதைப்பார். எந்தக் கால் என்று எதிரிக்குத் தெரியும், மைதானத்தில் வேர்க்கடலை தின்கிறவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? தடுக்க முடியவில்லை. 2022 மார்ச்சில் சிட்னி மைதானத்தில் ஆயிரமாவது கோலை உதைத்தபோது ஆயிரக்கணக்கான ஜனங்கள் வேலி தாண்டி உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். ஆட்டத்தை நிறுத்தி, அவர்களை வெளியே அனுப்பவே பெரும்பாடு ஆயிற்று. 2023-ல் ஓய்வு பெறும்போது கணக்கு 1,066.

அப்புறம் எதற்கு இரண்டாவது கால்? உள்ள காலைத் தீட்டினால் போதாதா?

இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்ல எனக்கு ஓர் அணி கிடைத்தது. 2008-ன் ஹாதார்ன் அணி. ஃபிராங்க்ளின் அப்போது இந்த அணியில்தான் இருந்தார். அந்த வருஷம் மட்டும் 113 கோல். அணியின் கேப்டன் யார் தெரியுமா? சாம் மிச்சல். நம் கட்டுரையின் கதாநாயகன்.

மிச்சலின் பூர்வ கதை வேலை தேடியிருக்கிற யாருக்கும் பழக்கமானது. ஆஸ்திரேலியாவில் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பார்கள். டிராஃப்ட் என்று பெயர். 2000-ல் மிச்சலை ஒரு அணியும் எடுக்கவில்லை. உயரம் போதாது, வேகம் போதாது. இன்டர்வியூவில் 'சொல்லி அனுப்புகிறோம்' என்பார்களே, அதே கதை. பையன் பாக்ஸ் ஹில் என்ற கீழ்மட்ட அணியில் ஒரு வருஷம் ஆடினான். 2001 டிராஃப்டில் ஹாதார்ன் எடுத்தது. எத்தனையாவது ஆளாக? 36-வது. அதே டிராஃப்டில் முதல் ஆளாக அதே ஹாதார்ன் எடுத்தது லூக் ஹாட்ஜ் என்ற பையனை.

மிச்சலிடம் ஒரே ஒரு விசேஷம். இரண்டு காலும் ஒரே மாதிரி. சும்மா சொல்லக் கூடாது, ரீப்ளே போட்டுப் பார்த்தாலும் எது பிறவிக் கால், எது வளர்ப்புக் கால் என்று எனக்குப் பிடிபடுவதில்லை. பத்துப் பேர் முட்டி மோதுகிற கும்பலின் நடுவில் பந்தை எடுப்பார். வேகமாக ஓடித் தப்பிக்க அவரிடம் வேகம் கிடையாது. வேகம் எதற்கு? துரத்துகிறவன் ஒரு காலை மறைக்கப் பாய்வான். பந்து மற்ற காலிலிருந்து, முப்பது மீட்டர் தள்ளி நண்பனின் நெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கும். மெதுவாக ஓடுகிறவரை யாராலும் பிடிக்க முடியவில்லை!

2008 கிராண்ட் ஃபைனலில் எதிரணி ஜீலாங். லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு தடவை தோற்ற அணி. ஹாதார்ன் 26 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஸ்கோர் விவரம்தான் வேடிக்கை. ஜீலாங் 11 கோல், 23 ஒற்றைப் பாயின்ட். ஹாதார்ன் 18 கோல், வெறும் 7 ஒற்றை. ஆட்டத்தின் சிறந்த வீரர் விருது, முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஹாட்ஜுக்கு. கோப்பையைத் தூக்கியது 36-வதாக எடுக்கப்பட்ட மிச்சல். பிறகு 2013, 2014, 2015 என்று வரிசையாக மூன்று கோப்பைகளிலும் அவர் இருந்தார். 2012 பிரவுன்லோ மெடலும் உண்டு. அதுவும் தாமதமாகத்தான் வந்தது: முதலில் வாங்கியவரிடமிருந்து ஊக்க மருந்து விவகாரத்தால் திரும்பப் பெற்று, 2016-ல் மிச்சலுக்கும் டிரென்ட் காட்சினுக்கும் கொடுத்தார்கள். இந்த மனுஷருக்கு எல்லாமே இரண்டாவது தபாலில்தான் வரும் போலிருக்கிறது. 2022-லிருந்து அதே ஹாதார்னுக்குக் கோச்.

ஆக, ஒரே அணியில் இரண்டு தத்துவமும் ஜெயித்தது. ஆறரை அடி உயரமும் குதிரை வேகமும் இருந்தால் ஒரு கால் போதும். எதிரிக்குத் தெரிந்தாலும் கவலையில்லை. நமக்கு அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபிராங்க்ளினின் உயரத்தை எந்தச் சுவரில் பந்தை உதைத்தும் சம்பாதிக்க முடியாது. மிச்சலின் இரண்டாவது காலைச் சம்பாதிக்கலாம். குட்டையாகப் பிறந்தவனுக்கு இரண்டாவது கால்தான் உயரம். மெதுவாக ஓடுகிறவனுக்கு அதுதான் வேகம். காசு கொடுத்து வாங்க முடியாது, சிபாரிசில் கிடைக்காது. சுவர் ஒன்று வேண்டும். பார்க்கிறவர்கள் சிரித்தால் தாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு உத்தரவாதம் உண்டா என்று கேட்டால், கிடையாது. ஸ்கில்ட்டன் கணக்கில் ஒரு வரி பாக்கி வைத்திருந்தேன். அந்தப் பதினாறு வருஷத்தில் சவுத் மெல்பர்ன் ஒரு தடவைகூடக் கோப்பை வெல்லவில்லை. 1945-க்கு அப்புறம் 1970-ல்தான் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெற்றது. அதிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே. ஸ்கில்ட்டன் வாழ்நாளில் ஆடிய இறுதிச் சுற்று ஆட்டம் அந்த ஒன்றுதான். மூன்று மெடல், இரண்டு கால், கோப்பை பூஜ்யம். அதற்காக அவர் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு ஆடவில்லை. ஒன்பது வருஷம் அணியின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. 1982-ல் அந்த அணி சிட்னிக்குக் குடிபெயர்ந்து சிட்னி ஸ்வான்ஸ் ஆயிற்று. ஊர் மாறி, பெயர் மாறி, ஆட்கள் எல்லாம் மாறிய பிறகும், அந்த அணி ஒவ்வொரு வருஷமும் தன் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற மெடலுக்கு ஸ்கில்ட்டன் பெயரைத்தான் வைத்திருக்கிறது.

கோப்பை அலமாரியில் இருக்கும். பெயர் மற்றவன் கழுத்தில் தொங்குகிறது. எது லாபம் என்று ஆடிட்டரைக் கேட்டால் ஒன்று சொல்வார், ஆட்டக்காரரைக் கேட்டால் வேறு சொல்வார்.

நாளைக்கு ஆபீஸில் கசக்கின காகிதத்தைக் குப்பைக் கூடைக்கு இடது கையால் எறிந்து பாருங்கள். முதல் பத்து வெளியே விழும். பக்கத்து சீட்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார். பதினொன்றாவதும் வெளியேதான் விழும். மேனேஜர் வந்து, "என்ன ஸார் இது?" என்றால், "உயரமாகிட்டிருக்கேன் ஸார்" என்று சொல்லுங்கள். இன்க்ரிமென்ட் விஷயத்துக்கு நான் பொறுப்பில்லை.